பெடாஸ் ஓடையும் லிங்கி முகத்துவாரமும்

நெடுஞ்சாலையில் சிரம்பானைத் தாண்டினால் ‘பெடாஸ் – லிங்கி’ டோல் வரும். பெடாஸ் என்றால் நமக்கு வெந்நீர் ஊற்று, பால்மரம், பிறகு வந்த செம்பனை. லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? நம் பக்கத்து ஓடைத் தண்ணீர் போய்ச் சேருவது அங்கேதான்.

சுங்கை ஊஜோங் ஈயம் படகேறிப் போனது இந்த ஆற்றில். ஆற்று வரிக்காகத் தலைவர்கள் மோதியதும், 1874-இல் ஆங்கிலேயர் நுழைந்ததும் தெரிந்த கதை. 1891-இல் போர்ட் டிக்சனுக்கு ரயில் வந்ததும் படகுத்துறைகள் ஓய்ந்தன. ஆறும் நம் பேச்சிலிருந்து போய்விட்டது.

முகத்துவாரத்தில் ஓதம் ஏறும்போது கடல்நீர் ஆற்றுக்குள் வெகுதூரம் வருகிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் அந்தச் சேற்றில்தான் பாக்காவ், நிப்பா, பெரம்பாங் எல்லாம் வேர்விடுகின்றன. சுங்கை தீமுன் பக்கம் இரவில் படகில் போனால், பெரம்பாங் மரம் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணைவதைப் பார்க்கலாம். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தியதும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பூச்சி புழுவாக இருக்கும்போது கரையோர ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் விட்டுவைத்து, பின்னாலுள்ள கரையை வழித்துவிட்டால் வெளிச்சம் போய்விடும்.

ஊடாங் காலா இறாலின் கதை இன்னும் ஒரு படி மேல். சினை இறால் நன்னீரிலிருந்து முகத்துவாரம் வரை இறங்கிக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுகளுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும், கொஞ்சம் வளர்ந்ததும் ஆற்றில் ஏறி வருகின்றன. மேலே தெளிக்கும் களைக்கொல்லியும் உரமும் மழையில் கரைந்தால் இறால் போய்வரும் இந்தத் தண்ணீரில்தான் கலக்கும்.

என்னை அரிப்பது கரைதான். செம்பனை தண்ணீரின் விளிம்புவரை நிற்கிறது. வேரால் பிடித்துக்கொள்ளப் புல்பூண்டு இல்லாததால் மண் சரிந்து ஆறு கலங்குகிறது. ஒவ்வொரு மரமும் வருமானம், அதை எப்படி விடுவது என்று சிறுதோட்டக்காரர்கள் கேட்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கரையோரம் நடாமல் விடவேண்டிய இடம் பற்றிய வழிகாட்டி கேட்பது, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்குத்தான் இரு கரையிலும் 50 மீட்டர். ஐந்து மீட்டருக்குக் குறைவான ஓடைக்கு ஐந்து மீட்டர் விட்டால் போதும். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, ஓடையோரம் ஒரு வரிசையை நடாமல் விட்டாலே அந்த ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும்.