எத்துப்பல்லும் எட்டு வயதும்

ஸ்காட்லாந்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கீழே விழுந்ததில் மேல்முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டது. சில மணி நேரத்துக்குள் பல்லை அதன் குழியிலேயே திருப்பி வைத்துக் கட்டினார்கள். பல் ஒட்டியது, ஆனால் உறுதிப்படவில்லை. குற்றவாளி கீழ் உதடு. பையனுக்கு எத்துப்பல்; மேல்வரிசை 9 மி.மீ. முன்னால் நின்றது. அந்த இடைவெளிக்குள் உதடு போய்ச் செருகிக்கொண்டு, ஒட்டிய பல்லை உள்ளிருந்து நெம்பிக்கொண்டே இருந்தது.

உதட்டை விடுவிக்கக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவர வேண்டும். பல்சீரமைப்பு மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977இல் அவனுக்கு மேலுக்கொன்று, கீழுக்கொன்று என இரண்டு அக்ரிலிக் தட்டுகள் செய்தார். இரண்டிலும் கடைவாய்ப் பக்கம் சரிவாகச் சீவிய கட்டைகள். பழையபடி கடித்தால் கட்டைகள் முட்டும். தாடையை முன்தள்ளினால்தான் சரிவோடு சரிவு பொருந்தி வாய் மூடும். 9 மாதத்தில் 9 மி.மீ. இடைவெளி 4 ஆனது. 'ட்வின் பிளாக்' பிறந்தது இப்படித்தான்.

நம்மூரில் எல்லாவற்றுக்கும் 'கிளிப் போடுறது' என்று ஒரே பேர். ஆனால் கம்பி கட்டுவது பல்லை நகர்த்த; இது தாடையைக் குறிவைப்பது. எத்துப்பல் என்று அழைத்துவரும் பிள்ளையைப் பக்கவாட்டில் பார்த்தால், பல நேரம் மேல்பல் துருத்தியிருப்பதைவிடக் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதே கண்ணில் படும்.

அப்படியானால் தட்டைப் போட்டதும் தாடை வளர்ந்துவிடுகிறதா? இந்தத் துறை நூறாண்டுகளாகச் சண்டை போடும் கேள்வி இது. தாடை மூட்டின் குருத்தெலும்பைத் தூண்டிவிட்டால் எலும்பு நீளும் என்பது நம்பிக்கை. பிரிட்டனில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 174 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு உடனே ட்வின் பிளாக் கொடுத்தார்கள். மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். போட்டவர்களுக்கு எத்து நன்றாகவே குறைந்தது. ஆனால் அதில் பெரும்பங்கு பல் சாய்ந்ததால் வந்தது. மேல்பல் உள்ளேயும் கீழ்ப்பல் வெளியேயும். எலும்பின் பங்கு கொஞ்சம்தான்.

2009இல் வெளிவந்த இறுதி முடிவு இன்னும் சுவாரசியம். காத்திருந்தவர்களும் பதின்வயதில் சிகிச்சை எடுத்து, ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். முந்திக்கொண்டவர்களுக்குத்தான் மருத்துவமனை நடையும் செலவும் கூடுதல்.

எட்டு வயதில் போடுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. துருத்திய பல் விழுந்து அடிபடும் வாய்ப்பு, முன்கூட்டிய சிகிச்சையால் குறைகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு அந்தக் கேலியே போதிய காரணமாகலாம். அந்த பிரிட்டன் ஆய்விலும் சீக்கிரம் போட்டவர்களின் தன்மதிப்பு உயர்ந்திருந்தது. இரண்டும் இல்லையென்றால், பருவவளர்ச்சி வேகமெடுக்கும்வரை பொறுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு அது முன்னதாகவும் பையன்களுக்குச் சற்றுப் பின்னதாகவும் வரும். கழுத்தெலும்பின் எக்ஸ்ரே வடிவத்தை வைத்து மருத்துவர்கள் அதைக் கணிக்கிறார்கள்.

தட்டைப் போட்ட முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சு குழறும், கடைவாய் கடுக்கும். சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது என்பது கிளார்க்கின் விருப்பம். இப்போது தட்டுக்குள்ளேயே வெப்பத்தை உணரும் சிப் பதித்து, வாயில் இருந்த நேரத்தைக் கணக்கெடுக்க முடிகிறது. எடுத்துப் பார்த்ததில், மருத்துவர் சொன்ன நேரத்தைவிடப் பிள்ளைகள் போட்டிருந்த நேரம் குறைவாகவே இருந்தது. மிச்ச நேரம் தட்டு டப்பாவில் கிடந்தது.