சடுகுடுவும் கணக்கும்

சடுகுடு நம் மண்ணின் விளையாட்டு. மூச்சடக்கிப் பாடிக்கொண்டே எதிரணியின் எல்லைக்குள் புகுந்து, தொட்டுவிட்டு மீளும் வீராங்கனையைக் கண்டு கைதட்டாதவர் யார்? ஆனால், அவ்வாறு பாடிச் செல்லும் இருவருள் சிறந்தவர் யார் என்பதை எப்படித் தீர்மானிப்பது? கைதட்டலின் ஓசையைக் கொண்டா? இல்லை, கணக்கைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

பாடிச் செல்வதை இன்று ‘ரெய்டு’ என்றும், செல்பவரை ‘ரெய்டர்’ என்றும் அழைக்கின்றனர். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிகள். தொட்டு வீழ்த்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி உண்டு. எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைக் கடந்து மீண்டாலும் ஒரு புள்ளி கிடைக்கும். பிடிபட்டாலோ, புள்ளி எதிரணிக்குப் போய்விடும்.

இனி இரு பெரும் வீரர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். புரோ கபடி லீக் போட்டிகள் 2014ஆம் ஆண்டு தொடங்கின. 2017இல் பாட்னா அணியின் பர்தீப் நர்வால் 26 ஆட்டங்களில் 369 ரெய்டு புள்ளிகள் குவித்தார். 2019இல் பெங்களூரு அணியின் பவன் செராவத் 24 ஆட்டங்களில் 346 புள்ளிகள் பெற்றார். மொத்தத்தைப் பார்த்தால் பர்தீப்பே முந்துகிறார். ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பர்தீப்பின் சராசரி 14.19, பவனின் சராசரி 14.42! நாம் வகுப்பறையில் கற்ற சராசரிக் கணக்கு விடையையே மாற்றிவிட்டதல்லவா?

ஆயினும் சராசரி மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு மாணவி 20 முறை பாடிச் சென்று 8 புள்ளிகள் எடுக்கிறாள். 6 முறை பிடிபடுகிறாள். மற்றொருத்தி 12 முறை சென்று 7 புள்ளிகள் எடுக்கிறாள். ஒரே முறை பிடிபடுகிறாள். முதல்வளால் அணிக்கு நிகரமாகக் கிடைத்தவை 2 புள்ளிகள். இரண்டாமவளால் கிடைத்தவை 6. தறியில் எத்தனை மீட்டர் நெய்தோம் என்பதோடு, பழுது எவ்வளவு என்றும் பார்ப்பதுதானே நம் பள்ளிபாளையத்து வழக்கம்? ஆடுகளத்திற்கும் அதுவே பொருந்தும்.

எண்களுக்கும் எல்லை உண்டு. 2017இல் பர்தீப்பின் பாட்னா அணி கோப்பையை வென்றது. 2019இல் பவனின் அணியோ அரையிறுதியில் தில்லியிடம் தோற்றது. ரெய்டரின் புள்ளி அவருடையது, வெற்றியோ எழுவருடையது. காலைப் பிடித்து எதிரியை நிறுத்தும் வீராங்கனையின் உழைப்பு ரெய்டு கணக்கில் வருவதில்லை. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

ஒரு புள்ளிதானே என்று எண்ணிவிடாதீர்கள். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் பெண்கள் அணி ஈரானிடம் 24-27 என்று தோற்றது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் சீன தைபே அணியை 26-25 என்று வென்று தங்கம் பெற்றது. அப்போட்டிகளில் இந்தியாவின் 100ஆவது பதக்கம் அதுவே. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

அன்புத் தோழியரே, இந்தக் கணக்கிற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். சென்றது, எடுத்தது, பிடிபட்டது, பிடித்தது என நான்கு கட்டங்கள் வரைந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் குறித்து வையுங்கள். அணியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்நோட்டு பேசும். சத்தமின்றி உழைத்து, எவர் கண்ணிலும் படாமல் ஓரத்தில் நிற்கும் ஒரு மாணவிக்கு அது நீதி வழங்கும். பெற்றோரும் தம் மகள் ஆடும் ஆட்டத்தின் மதிப்பை அதில் கண்டு மகிழ்வர்.