நாலு சில்லும் இழுத்தால் போதுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் நமது தோட்டத்து ரோடுகளின் நிலைமையை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழுந்து லொறி வளைவில் நின்று முனகும். ட்ரெக்டர் சேற்றில் வழுக்கும். இதே ரோட்டில்தான் பிரசவ வலி வந்த பெண்களும், காய்ச்சல்காரரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்வர வேண்டியிருக்கிறது. "இது ஃபோர்வீல் வண்டி, ஒண்ணும் ஆகாது, ஏறுங்க" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதைச் சாரதி மட்டுமல்ல, ஏறி உட்காருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருப்பது வேறு, இழுப்பது வேறு

நம் நாட்டில் லேண்ட் மாஸ்டரை 'ரெண்டு சில்லு' என்றும், பெரிய ட்ரெக்டரை 'நாலு சில்லு' என்றும் சொல்வது வழக்கம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாலு சில்லு இருப்பதால் நாலும் இழுக்கும் என்று அர்த்தமில்லை. நாம் அதிகம் காணும் பழைய ட்ரெக்டர்களில் பின் சில்லு இரண்டும்தான் இழுக்கின்றன. முன் சில்லுகள் திரும்புவதற்கு மட்டுமே. எஞ்சினின் விசை முன் அச்சுக்கும் போகும் வண்டியே உண்மையான ஃபோர்வீல் வண்டி.

ஒரு சில்லு மட்டும் ஏன் சுழல்கிறது?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காக அச்சின் நடுவில் 'டிஃபரன்சியல்' என்ற பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. இது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு சேற்றில் இருந்தால் அதைச் சுழற்றச் சிறிய விசை போதும். மறுபக்கத்துக்கும் அதே சிறிய விசைதான் கிடைக்கும். ஆகவே நல்ல தரையில் நிற்கும் சில்லு அசையாது, சேற்றில் இருப்பது சுழன்று குழி தோண்டும்.

முன் அச்சும் சேர்ந்து இழுத்தால் நிலைமை நன்றாகும். ஆனால் கான் பக்கத்து முன் சில்லும் பின் சில்லும் ஒன்றாக வழுக்கினால் ஃபோர்வீல் வண்டியும் நின்றுவிடலாம். இதற்காகத்தான் 'டிஃப் லொக்' இருக்கிறது. பல ட்ரெக்டர்களில் இது சாரதியின் காலடியில் ஒரு மிதியாக இருக்கும். அதை மிதித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கட்டப்பட்டதுபோல் சுழலும். நேராக ஏறி வெளியே வந்ததும் விட்டுவிட வேண்டும். திருப்பத்தில் போட்டால் வண்டி திரும்ப மறுக்கும். இப்போது வரும் சில வாகனங்களில், சுழலும் சில்லுக்கு மட்டும் வண்டியே பிரேக் பிடித்து, விசையை மற்றச் சில்லுக்கு அனுப்புகிறது.

மணல் ஒரு விதம், சேறு ஒரு விதம்

மட்டக்களப்புப் பக்கம் யாத்திரை போனவர்கள் தேற்றாத்தீவைப் பார்த்திருப்பார்கள். கொம்புச்சந்திப் பிள்ளையார் கோவிலும் புனித யூதா ததேயு திருத்தலமும் அங்கேதான் இருக்கின்றன. களுவாஞ்சிகுடிக்கு வடக்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியும் உள்ள ஒடுங்கிய நிலம் அது. கடற்கரையில் தளர்ந்த மணல். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் வயல் சேறு.

மணலில் சில்லு புதைவதே பிரச்சினை. அங்கே டயர்க் காற்றை 30 இறாத்தலிலிருந்து 18 அளவுக்குக் குறைத்தால் டயர் தட்டையாகிப் பாரம் பரவும், வண்டி புதையாது. தார் ரோட்டுக்கு வருமுன் மறுபடி காற்று அடிக்க வேண்டும். சேற்றில் டயரின் பள்ளங்கள் மண்ணால் அடைபட்டு, டயர் வழுவழுப்பாகிவிடும். வயல் உழும்போது இரும்புச் சில்லு போடுவது இதனால்தான். நமது மலையில் கடினமான ரோட்டின்மேல் மெல்லிய செம்மண் குழம்பு படியும். பார்வைக்கு ரோடு நன்றாகத்தான் இருக்கும், பிடிப்பு இருக்காது.

மூன்று இடத்திலும் விதி ஒன்றுதான். சிறிய கியர், மெதுவான ஓட்டம். சில்லு சுழன்றால் எக்ஸிலேட்டரை அழுத்தாமல், கீழே கல்லோ, சாக்கோ, கவாத்து மிலாறோ போட வேண்டும். அப்போது வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஏறுவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது

இதுதான் முக்கியமான சங்கதி. கார், லொறி எல்லாவற்றிலும் பிரேக் நாலு சில்லிலும் இருக்கிறது. ஃபோர்வீல் என்பதால் அது கூடுவதில்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, பிரேக் பிடித்தபின் உலர்ந்த தார் ரோட்டில் சுமார் 9 மீற்றரில் நிற்கும். ஈர மண்ணில் பிடிப்பு மூன்றிலொன்றானால் 27 மீற்றர் வேண்டும். இறக்கத்தில் இன்னும் கூடும். ஏற்றத்தில் நன்றாக ஏறிய தைரியத்தில் அதே வேகத்தில் இறங்குவதால்தான் வண்டி பள்ளத்துக்குப் போகிறது.

ட்ரெக்டரில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதன் பிரேக் பெரும்பாலும் பின் சில்லுகளில் மட்டுமே. பெட்டிக்குப் பல இடங்களில் பிரேக்கே கிடையாது. ஆட்கள் நிறைந்த பெட்டி இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் ரோட்டில் ஒன்றாகக் கொளுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும்.

வெள்ளத்தில் எந்த வண்டியும் வேண்டாம்

ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய காரை இழுத்துவிடும். இரண்டு அடி இருந்தால் பெரிய ஜீப்பையும் தூக்கிவிடும். தண்ணீர் வண்டியைத் தூக்கும்போது சில்லின் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் பிடிப்பும் போகிறது. பிறகு எத்தனை சில்லு இழுத்து என்ன பயன்? 2024 நவம்பர் 26 அன்று, தேற்றாத்தீவுக்குத் தெற்கே காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலர் உயிரிழந்தார்கள். உயரமான ட்ரெக்டர் கடந்துவிடும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது:

மழை நாளில் இறக்கத்துக்கு முன் இறங்கி நடப்பதில் வெட்கமில்லை. பெட்டியின் விளிம்பிலும் மட்கார்டிலும் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் வடியும்வரை காத்திருங்கள். "இன்னிக்கு முடியாது" என்று சொல்லும் டிரைவர் அண்ணனைப் பயந்தவர் என்று கேலி பண்ணாதீர்கள். நம் குடும்பங்களைக் காப்பாற்றுகிறவர் அவர்தான்.