கையை எடுங்க... கார் தானே போகும்!

உங்களுக்குத் தெரியுமா? 2024-இல் கொல்கத்தாவுக்குள் 10 கிலோமீட்டர் கடக்க ஒரு காருக்கு ஆன சராசரி நேரம் 34 நிமிடம் 33 விநாடி! உலக நகரங்களின் போக்குவரத்தை வரிசைப்படுத்தி டாம்டாம் நிறுவனம் போட்ட கணக்கு இது. அந்தப் பட்டியலில் உலகத்திலேயே இரண்டாவது மந்தமான நகரம் கொல்கத்தாதான்! நெரிசலுக்குப் பேர்போன பெங்களூருவுக்கே மூன்றாவது இடம்தான்!

இப்படிப்பட்ட நெரிசலை ஒரே ஒரு தானியங்கி கார் தளர்த்திவிடும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் டூசான் நகரில் செய்தே காட்டிவிட்டார்கள்! வட்டமான ஒரு பாதை. சுமார் 20 கார்கள். எல்லாவற்றையும் மனிதர்கள் ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்திலேயே நின்று நின்று நகரும் நெரிசல் தானாக உருவானது. அப்போது ஒரு காரை மட்டும் கம்ப்யூட்டர் கையில் கொடுத்தார்கள். அது முன்னால் இடைவெளி விட்டு ஒரே சீராகப் போனது. அவ்வளவுதான், பின்னால் வந்தவர்களுக்கும் பிரேக்கை மிதிக்கும் வேலையே குறைந்துவிட்டது! மிச்சமான எரிபொருள் 40 சதவீதம் வரை!

பார்வையில்லாதவர் தனியாகக் காரில் போக முடியுமா? 2015-லேயே போயாச்சு! இடம், டெக்சாஸின் ஆஸ்டின் நகரம். கூகுளின் குட்டிக் கார். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் பெடலும் கிடையாது, டிரைவரும் கிடையாது!

சரி, பாதுகாப்பு? 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்குச் சுமார் 462 உயிர்! இதில் பத்தில் ஏழு உயிரைப் பறித்தது அதிவேகம். கம்ப்யூட்டருக்குக் குடிக்கத் தெரியாது, கண் அசராது, முந்திப் போகும் வெறியும் வராது!

அமெரிக்காவில் வேமோ நிறுவனத்தின் டாக்ஸிகள் 2025 ஜனவரிக்குள்ளேயே டிரைவர் இல்லாமல் 5.67 கோடி மைல் ஓடிவிட்டன. மனிதர்கள் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால், நடந்து போகிறவர்களுக்குக் காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 92 சதவீதம் குறைவு என்கிறது அந்நிறுவனத்தின் ஆய்வு!

கார் மட்டுமா? ரயிலிலும் ஓர் ஆச்சரியம். அம்பாசிடர் கார் பிறந்த ஊர் கொல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள உத்தர்பாரா. 2014-இல் அங்கே அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இன்று அதே உத்தர்பாராவில் டிட்டாகர் நிறுவனம் என்ன தயாரிக்கிறது தெரியுமா? பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடத்துக்கு, டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில்கள்!

நம்ம சென்னையும் சளைத்ததில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கான டிரைவர் இல்லா ரயில், 2024 அக்டோபரிலேயே பூந்தமல்லி பணிமனைக்கு வந்து இறங்கிவிட்டது!