பசித்த தேசம் அனுப்பிய பூக்கள்

ராஜ்யங்கள் ஒன்றுக்கொன்று சிநேகத்தின் சின்னமாக அனுப்பிக்கொள்ளும் வெகுமதிகளில் பெரும்பாலானவை, சம்பிரதாயப் புகழுரைகள் முடிந்த மறுதினமே பொருட்காட்சிசாலையின் ஏதோ ஒரு மூலையை அடைந்துவிடுகின்றன. கனடாவின் தலைநகரான ஒட்டாவாவுக்கு 1945-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் ஹாலந்திலிருந்து வந்த 1,00,000 துலிப் கிழங்குகளோ அந்த ரகத்தைச் சேர்ந்தவையல்ல.

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படைகள் ஹாலந்துக்குள் பிரவேசித்தபோது, மகாராணி வில்ஹெல்மினா லண்டனில் தங்கிவிட, இளவரசி ஜூலியானா தம் இரு பெண் குழந்தைகளுடன் ஒட்டாவாவில் தஞ்சம் புகுந்தார். 1943 ஜனவரி 19-ஆம் தேதி அந்நகரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு மூன்றாவது பெண் பிறந்தபோது, குழந்தை ஹாலந்தின் பிரஜையாக மட்டுமே விளங்கும் பொருட்டு, பிரசவ அறை கனடாவின் ஆதிக்கத்துக்கு உட்படாத இடமென்று அரசாங்கம் பிரகடனம் செய்தது. (அறையை ஹாலந்துக்கே தாரை வார்த்துவிட்டதாகச் சொல்லுவதுண்டு, அது சுவைக்காகச் சேர்த்த கதை.)

இவையெல்லாம் பலரும் அறிந்தவையே. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அக்கிழங்குகளின் பூர்வ கதை. 1944-45 குளிர்காலத்தில், ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தண்டனையாக ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததனாலும், கால்வாய்கள் உறைந்துபோனதனாலும், மேற்கு ஹாலந்தில் கொடிய க்ஷாமம் உண்டாகி ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். ரொட்டியும் உருளைக்கிழங்கும் அற்றுப்போன வீடுகளில், பூவுக்காக மட்டுமே வளர்த்துவந்த துலிப்பின் கிழங்கைத் தோலுரித்து, நடுவிலிருக்கும் நச்சு முளையைக் கிள்ளியெறிந்து, எஞ்சியதை வேகவைத்தோ மாவாக்கியோ தின்று ஜனங்கள் உயிர் தரித்தார்கள். அத்தேசத்தை மீட்கும் போரில் 7,600-க்கு மேற்பட்ட கனேடிய வீரர்கள் மடிந்தார்கள். விடுதலை கிடைத்தது மே மாதத்தில். அடுத்த சில மாதங்களுக்குள்ளேயே, பசிக்குத் தின்ற அதே பண்டத்தை ஒரு லட்சம் எண்ணி அனுப்பிவைத்த அந்தக் கிருதக்ஞதைக்கு முன்னால், கஜானா நிறைந்த மன்னர்கள் கொடுக்கும் ரத்தினமும் பொன்னும் எம்மாத்திரம்!

மறு வருஷம் மேலும் 20,500 கிழங்குகளை அனுப்பிய ஜூலியானா, அவற்றில் ஒரு பகுதியை அந்த ஆஸ்பத்திரியின் தோட்டத்தில் நடுமாறு கேட்டுக்கொண்டார். தம் ஆயுள் உள்ளவரை வருஷந்தோறும் அனுப்புவதாகவும் வாக்களித்தார். துருக்கியில் பிறந்து ஒட்டாவாவில் குடியேறிய ஆர்மீனியப் புகைப்படக்காரர் மலாக் கார்ஷின் யோசனைப்படி, 1953 முதல் அங்கே துலிப் திருவிழாவும் நடந்துவருகிறது. வாக்களித்த ஜூலியானா 2004-இல் காலமானார். ஆயினும் ராஜகுடும்பத்தின் பெயரால் 10,000, மலர்க்கிழங்கு பயிரிடுவோர் சங்கத்தின் பெயரால் 10,000 என்று, ஹாலந்திலிருந்து கிழங்குகள் வருஷந்தவறாமல் ஒட்டாவாவுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.