சிவகாசித் தொகுதி எங்கே போனது?

சிவகாசி எம்.பி. யார்னு கேட்டா என்ன சொல்வீங்க?

1967-லிருந்து சிவகாசி பெயரிலேயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்துச்சு. வைகோவை மக்களவைக்கு அனுப்பியதும் அதுதான். தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலில் அந்தப் பெயர் மறைஞ்சு, விருதுநகர் தொகுதி பிறந்தது. காமராசர் பிறந்த ஊரின் பெயர்! இன்னைக்கு இந்தத் தொகுதியின் எல்லை மதுரை மாவட்டத்துத் திருப்பரங்குன்றம் வரைக்கும் போகுது.

பெயர் மாறினாலும் கைகள் மாறல. தொகுதிக்குள்ள இருக்கிற தாயில்பட்டியில் பட்டாசுக்கு மருந்து அடைச்சு, அலுமினியப் பவுடர் படிஞ்சு வெள்ளியா மின்னுற அதே விரல்லதான் ஓட்டுப் போட்ட மையும் ஏறுது. 2024-ல் இங்கே வெற்றியைத் தீர்மானிச்சது ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்குகள்தான்.

அதனால, உங்க ஒரு ஓட்டைச் சாதாரணமா நினைக்காதீங்க!