மயக்கமும் மூச்சும்

பெருங்குடற் புற்றுநோயாளர் மயங்கிக் கிடந்தால், வலிக்குக் கொடுத்த மார்பின் மிகுந்துவிட்டதென்றே வீட்டார் அஞ்சுவர். ஆகலாம், சிறுநீரகம் தளர்ந்தால் மருந்தின் கழிவு உடலில் தேங்கி, வழக்கமான அளவே நஞ்சாகும். ஆனால், கட்டியால் குடல் துளைபட்டுக் கிருமி குருதியிற் கலந்தாலும் மயக்கம் வரும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மூச்சே. வளர்ந்தோர்க்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. மார்பின் மிகுந்தால் அது 8க்கும் கீழே இறங்கக்கூடும். கண்ணின் பாவையும் ஊசிமுனையளவாய்ச் சுருங்கும். கிருமி நஞ்சிலோ 22ஐ எட்டும், கடக்கும். இதனை அறியக் கடிகாரமே போதும். ஆனால் முழு நிமிடமும் எண்ண வேண்டும், தளர்ந்த மூச்சு ஒழுங்காய் வருவதன்று.

இரண்டிலும் மருத்துவமனைக்கே விரைய வேண்டும். முன்னதற்கு நலாக்சோன் மாற்று மருந்து. பின்னதற்கு அது உதவாது. அடங்கியிருந்த வலியையே திரும்பக் கொண்டுவரும்.